கைநாட்டு வாங்கினவர் கணக்குச் சொல்லட்டும்

('அரசு உதவி பெறும் எளியவர்களை மோசடியிலிருந்து காப்பது பயனாளியின் விழிப்பா? அரசின் ஏற்பாடா?' என்ற பட்டிமன்றத்தில், 'அரசின் ஏற்பாடே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய தம்பி நல்லாப் பேசினார். நான் கூடக் கை தட்டினேன். என்ன சொன்னார்? "ஆறே ஆறு நம்பரை, அந்த ஓ.டி.பி.யை, பாட்டி வாயைத் திறந்து சொல்லாம இருந்தாப் போதும், இந்த நாட்டுல மோசடியே இருக்காது" என்றார். தம்பி, எங்க ஊர்ப் பாட்டிகளைப் பார்த்திருக்கீங்களா? பெத்த பிள்ளையோட செல் நம்பரையே பேப்பர்ல எழுதிச் சுருக்குப்பையில வச்சிருக்கிறவங்க. அவங்க ஆறு நம்பரை எங்கேயிருந்து பார்த்து, யார்கிட்டச் சொல்லப் போறாங்க? (சிரிப்பு) பாட்டிக்குத் தெரியாத நம்பரை வைத்துத்தான் பாட்டி பணம் போகுது. அதுதான் இன்றைய வழக்கு.

நடுவர் ஐயா, நான் பெரிய புள்ளிவிவரமெல்லாம் எடுத்துக்கொண்டு வரவில்லை. என் பக்கத்து வீட்டு அப்பத்தாவைக் கொண்டு வந்திருக்கிறேன். ஆளைக் கூட்டி வரவில்லை, கதையைக் கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். நான் அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். அப்பத்தாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலே இருக்கும். புருஷன் போய்ப் பல வருஷம் ஆச்சு. நாற்று நட்டு, களை எடுத்து, கருவேல முள்ளு வெட்டி, கரி மூட்டம் போட்டு, இந்த இரண்டு கையாலேயே வாழ்ந்தவர். இப்போது வருகிற வருமானம் ஒன்றே ஒன்றுதான். ஓ.ஏ.பி. பணம். முதியோர் உதவித்தொகை.

இந்த ஓ.ஏ.பி. இன்று நேற்று வந்ததல்ல. 1962-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். சிரிக்காதீங்க, அன்றைக்கு இருபது ரூபாய்க்கு மாதச் சாப்பாடு ஓரளவு ஓடும். 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசும் முதியோருக்கு மாதம் 75 ரூபாய் என்று தன் பங்குக்கு ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2011-ல் ஆயிரம் ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆனது. தொகை ஏறிக் கொண்டே வந்தது. அதோடு கூடவே, அதை வழியில் நின்று வாங்குகிற கைகளும் மாறிக் கொண்டே வந்தன.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மணியார்டரில் வரும். தபால்காரர் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்துவார். கிழவிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு ஊர் நல்ல தபால்காரர்கள் இருந்தார்கள், தன் கைக்காசைப் போட்டுச் சில்லறை கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் காப்பிக் காசு என்று ஒன்று இருந்ததே, அதையும் மறைக்க முடியாது. பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைக் கையில் வைப்பார்கள். அது திருட்டு என்று கிழவிகளுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். "வீடு தேடி வந்து குடுக்குற பிள்ளை, போகட்டும்" என்பார்கள். விழிப்புணர்வு இல்லாததால் அல்ல தம்பி, வேறு வழி இல்லாததால்!

1985-ல் ராஜீவ் காந்தி அவர்கள் ஒடிசாவில் காலாஹந்திப் பகுதிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் பதினைந்து பைசாதான் ஏழைக்குப் போய்ச் சேர்கிறது என்ற பொருளில் சொன்னார். நாட்டின் பிரதமரே சொன்னார். அதற்குப் பிறகு என்ன முடிவு செய்தார்கள்? நடுவில் ஆளே வேண்டாம், நேரே வங்கிக் கணக்கில் போட்டுவிடுவோம் என்றார்கள். 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தில் தெம்ப்லி என்ற கிராமத்தில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்தார்கள். ரேகை வைத்தால் பணம். இடைத்தரகர் ஒழிந்தார் என்றோம். நானும் என் வகுப்பில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சரி, அப்பத்தா கதைக்கு வருகிறேன்.

வங்கி எங்கள் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர். அதனால் வங்கியின் சார்பாக ஒரு தம்பி கையடக்க மிஷினோடு ஊருக்கு வருவார். ஆதார் எண்ணைத் தட்டுவார், விரலை வைக்கச் சொல்வார், பணம் கொடுப்பார். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. 2022-ஆம் வருஷம் ஒரு மாதம் அப்பத்தா விரலை வைத்தார். "ரேகை விழலை ஆத்தா, அழுத்தி வை" என்றார். அழுத்தி வைத்தார். "இந்த விரலை வை." வைத்தார். "இடது கையை வை." வைத்தார். கடைசியில், "சர்வர் இல்லை, இந்த மாசம் உனக்குப் பணம் ஏறலை, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரி மூட்டம் போட்ட கையில் ரேகை எங்கேயிருந்து விழும்? அதனால் அப்பத்தாவும் நம்பினார். அடுத்த மாதமும் அதே கதை. அதற்கடுத்த மாதமும் அதே கதை. மூன்று மாதம்.

அப்பத்தா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட. அரசாங்கம் தன் பேரை எடுத்துவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வாய் வெறுமனே இருந்தது. நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன நாளிலிருந்து அப்பத்தாவை வெற்றிலை இல்லாத வாயோடு பார்த்ததே கிடையாது. "என்ன அப்பத்தா, வெத்தலை போடலையா?" என்று கேட்டேன். "பல்லு வலிக்குது" என்றார். அப்பத்தாவுக்குப் பல்லே கிடையாது! (சிரிப்பு) நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், அடுப்படியில் எப்போதும் இருக்கும் பித்தளைக் குடம் இல்லை. அது அவர் அம்மா வீட்டுச் சீர். அடகுக்குப் போயிருந்தது. ரேஷன் அரிசி இருக்கிறது, அது இந்த மண்ணில் 2011-லிருந்து இலவசம், அதனால் பட்டினி இல்லை. ஆனால் அரிசி மட்டும் வாழ்க்கை இல்லையே! மண்ணெண்ணெய், புளி, மிளகாய், சோப்பு, கால்வலித் தைலம்.

கையைப் பிடித்து வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸுக்குக் காசு இல்லை, 2021-ல் பெண்களுக்கு இலவசமாக்கி விட்டார்கள். அந்தப் பஸ் இல்லாவிட்டால் அப்பத்தா வந்திருக்கவே மாட்டார். முதல் நாள் போனால், பாஸ்புக் பதியும் மிஷின் ரிப்பேர். இரண்டாம் நாள் மை இல்லை. மூன்றாம் நாள் பதிந்து கொடுத்தார்கள். பதினான்கு மாதமாகப் பதியாத பாஸ்புக். டர்ர்ர் டர்ர்ர் என்று ஓடி வந்தது. பார்க்கிறேன். அந்த மூன்று மாதமும் ஆயிரம் ஆயிரமாகப் பணம் ஏறியிருக்கிறது. விரல் வைத்த அதே தேதியில், ஆயிரம் ஆயிரமாக எடுக்கப்பட்டும் இருக்கிறது!

புரிகிறதா நடுவர் ஐயா? மூன்று தடவை விரல் வாங்கினாரே, அதில் ஒரு தடவை ரேகை விழுந்திருக்கிறது. விழுந்தது மிஷினுக்குத் தெரியும். மிஷின் வைத்திருந்தவருக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியும். விரலுக்குச் சொந்தக்காரிக்கு மட்டும் தெரியாது. 'உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்பட்டது' என்று செல்போனுக்குத் தகவல் வருமே, அது எங்கே போனது? கணக்கு ஆரம்பித்தபோது அப்பத்தாவிடம் போன் இல்லை. ஃபாரத்தை நிரப்பியவர் காலியாக விடக் கூடாதே என்று ஒரு நம்பர் போட்டார். யார் நம்பர்? அந்தத் தம்பியின் நம்பர்! திருடினவருக்கே 'திருடிவிட்டாய்' என்று தகவல் போயிருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

இங்கே நான் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிரணி இன்றைக்குச் செய்வதையேதான் செய்தேன். வங்கி வாசலில் வைத்து அப்பத்தாவைத் திட்டினேன். "மூணு தடவை கையை வச்சியே, ஒரு சீட்டு கேட்டியா? என்ன ஏதுன்னு கேட்டியா? இப்படியா இருப்பே?" என்று வாத்தியார் புத்தி, சத்தம் போட்டேன். அப்பத்தா அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கை வைக்கச் சொன்னாக, வச்சேன். அறுவது வருசமா, வைக்கச் சொன்ன இடத்துல எல்லாம் வச்சவதானே தாயி."

நான் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. (கைதட்டல்)

பத்திரத்தில் வை, வைத்தார். கூட்டுறவுக் கடன் பத்திரத்தில் வை, வைத்தார். ரேஷன் கடையில் வை, வைத்தார். 2020 அக்டோபரிலிருந்து அங்கேயும் விரல்தான். வைக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அரிசி கிடைத்திருக்குமா? வாழ்நாள் முழுக்கக் 'கையை வை, கேள்வி கேட்காதே' என்று பழக்கி வைத்துவிட்டு, எழுபத்தைந்து வயதில் 'ஏன் கேள்வி கேட்கவில்லை' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

எதிரணியில் முதலில் பேசிய அக்கா, படிப்பு இருந்தால் ஏமாற மாட்டார்கள் என்றார்கள். சரி, படித்த நாட்டுக்கே போவோம். என் தங்கை மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். எல்லார் வீட்டிலும் ஒருத்தர் இருக்கிறார்களே, அதுபோல. (சிரிப்பு) அங்கே ஏழைகளுக்கு உணவுக்காக அரசு உதவி உண்டு. முன்பு கூப்பனாகக் கொடுத்தார்கள். இப்போது ஏ.டி.எம். கார்டு மாதிரி ஓர் அட்டை. மாதம் பிறந்தால் அதில் பணம் ஏறும். கடையில் தேய்த்து வாங்கிக்கொள்ளலாம். என்ன நடந்தது? பணக்காரர் வைத்திருக்கும் கார்டுகளில் எல்லாம் சில்லு வைத்தார்கள். ஏழையின் அட்டையில் மட்டும் பழைய காந்தப் பட்டை. திருடர்கள் கடையில் தேய்க்கும் மிஷின் மேலேயே, பார்த்தால் தெரியாத மாதிரி இன்னொரு மூடியைப் பொருத்தி, அட்டையின் தகவலைக் களவாடினார்கள். மாதத்தின் முதல் நாள் நள்ளிரவில் பணம் ஏறும், விடிவதற்குள் காலி. பாலுக்கும் ரொட்டிக்கும் போன தாய் கல்லாவில் நின்று தலைகுனிந்தாள். அவள் ஆங்கிலம் படித்தவள்தான். யாரிடமும் எந்த நம்பரையும் சொல்லாதவள்தான். அவள் விழிப்பு அங்கே என்ன செய்யும்? 2022 அக்டோபர் முதல் திருடு போனதை மத்திய நிதியிலிருந்து ஈடுகட்டச் சட்டம் போட்டார்கள். அதுவும் 2024 டிசம்பர் 20-க்குப் பிறகு திருடு போனதற்குக் கிடையாது என்று ஆகிவிட்டது. 2025-ல்தான் கலிஃபோர்னியா மாநிலம் சில்லு வைத்த அட்டை கொடுக்கத் தொடங்கியது. பூட்டே இல்லாத பெட்டியைக் கொடுத்துவிட்டு, கண் விழித்துப் பார்த்துக்கொள் என்றால் எப்படி?

நம்ம ஊருக்கு வாருங்கள். 2020, கொரோனா காலம். விவசாயிகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் கொடுக்கும் கிசான் திட்டம். சொந்த நிலம் உள்ளவர்களுக்கு உரியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் திடீரென்று லட்சக்கணக்கில் புது விவசாயிகள் முளைத்தார்கள். வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூட இல்லாதவர் எல்லாம் விவசாயி! (சிரிப்பு) விசாரித்தால், அதிகாரிகளின் பயனர் பெயரும் ரகசியக் குறியீடும் வெளியே போய், தரகர்களும் சில கணினி மையங்களும் பேர்களை ஏற்றியிருக்கிறார்கள். சுமார் ஐந்தரை லட்சம் பேர் தகுதி இல்லாதவர்கள், 110 கோடி ரூபாய் போல் போயிருக்கிறது என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது எல்லாம் நடந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்தப் பட்டியலில் இருந்த பல பேரிடம் தரகர் என்ன சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினார்? "கொரோனா நிவாரணம் வந்திருக்கு, வாங்கித் தர்றேன்" என்று! ஊரடங்கில் வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தவர், நம்பாமல் என்ன செய்வார்? அரசாங்கம் நிஜமாகவே நிவாரணம் கொடுத்துக் கொண்டிருந்த நேரம் அது. தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அப்புறம் வந்தது பாருங்கள், 'பணத்தைத் திருப்பிக் கட்டு' என்று! கணக்கிலிருந்தும் எடுத்தார்கள். தரகர் வாங்கிய பங்கையும் சேர்த்து அந்தக் கூலிக்காரர்தான் கட்ட வேண்டியிருந்தது. ஏமாந்தவர் ஏமாற்றியவர் ஆனார். அந்த ரகசியக் குறியீட்டைக் காத்திருக்க வேண்டியவர் யார்? பயனாளியா? அது அவர் மடியிலா இருந்தது?

அதே 2020-ல் ஜார்க்கண்டில் சிறுபான்மைப் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையில் இதே கூத்துதான். தரகர்களும் வங்கி முகவர்களும் பள்ளி ஆட்களும் சேர்ந்து ரேகை வாங்கி, பிள்ளைகள் பேரில் வந்த பணத்தைப் பிரித்துக்கொண்டதாகப் பத்திரிகையில் வந்தது. 2018-ல் தெலங்கானாவில் ஒருவர் பத்திரப்பதிவு ஆவணத்தில் இருந்த ரேகையைப் பார்த்து ரப்பரில் ரேகை செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டு வாங்கினார். விரலை வெட்டிக் கொடுக்க வேண்டியதில்லை நடுவர் ஐயா, விரலின் நிழல் போதும்.

உடனே எதிரணித் தம்பி எழுந்திருப்பார். "ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்க வசதி இருக்கிறதே?" என்பார். இருக்கிறது, நல்ல வசதி. வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே அம்மா அப்பாவுக்குச் செய்து கொடுங்கள். ஆனால் அப்பத்தா பூட்டினால், ரேஷன் கடையில் ரேகை விழாது. திறந்தால், திருடன் வருவான். கதவும் அதுவே, சுவரும் அதுவே என்றால் கிழவி எதை அடைக்கிறது?

அக்கா இன்னொன்று சொன்னார்கள், "ஏற்பாட்டை இறுக்கினால் போதாது, பயனாளியே பொய் சொல்கிறாரே" என்று. இறுக்கத் தெரியாமல் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நாடு இருக்கிறது. நெதர்லாந்து. குழந்தைக் காப்பகச் செலவுக்கு அரசு உதவி பெற்ற பெற்றோரை எல்லாம் மோசடிக்காரர் என்று சந்தேகித்தார்கள். கையெழுத்து விட்டுப் போனது போன்ற சின்னப் பிழைக்கெல்லாம், வருஷக்கணக்கில் வாங்கிய மொத்தத்தையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் குடும்பங்கள் கடனில் விழுந்தன. தப்பு அரசு மேல்தான் என்று தெரிந்ததும், 2021 ஜனவரி 15-ல் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. பயனாளியை மோசடியிலிருந்து காப்பதும், பயனாளியை மோசடிக்காரராகப் பார்ப்பதும் ஒன்றல்ல அக்கா. காவல்காரன் வெளியே பார்த்து நிற்க வேண்டும். உள்ளே வீட்டுக்காரியைப் பார்த்துக் கம்பைத் தூக்கக் கூடாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. எதிரணியினர் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. உங்கள் அனுமதி இல்லாமல் மின்னணு முறையில் பணம் போனால், வங்கியின் தரப்பில் குறை இருந்தால், நீங்கள் புகார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. யாரோ மூன்றாம் ஆள் செய்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் கிடையாது. தப்பு வாடிக்கையாளர் மேல்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு. எவ்வளவு அழகான விதி! அதை எழுதியவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம். ஆனால், 'தகவல் கிடைத்து மூன்று நாள்' என்கிறதே, அப்பத்தாவுக்குத் தகவலே போகவில்லையே! தகவல்தான் திருடினவர் சட்டைப்பையில் கிணிங் என்று அடித்துக் கொண்டிருந்ததே! (கைதட்டல்)

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தொடங்கியது. அந்த வாரமே போன் போட்டு ஓ.டி.பி. கேட்கும் கூட்டம் கிளம்பிவிட்டது. போலீஸ் எச்சரித்தது, நல்லதுதான். ஆனால் சில வங்கிகள் 'கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை' என்று அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. அந்தப் பெண் எந்தத் திருடனுக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை. நிதியமைச்சர் அறிக்கை விட்டுக் கண்டித்து, 1100-க்குப் புகார் சொல்லுங்கள் என்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விழித்திருந்த பெண்ணுக்கும் போனது, தூங்கிய பெண்ணுக்கும் போனது.

விழிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே சோறு போட மாட்டார்கள். (சிரிப்பு) தெரியாத ஆள் போனில் 'பென்ஷன் நின்றுபோகும்' என்று பயமுறுத்தினால் வைத்துவிடுங்கள். பணம் போனது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ரேஷன் கடையில் வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தால் 1967-க்குச் சொல்லுங்கள். இதெல்லாம் செய்ய முடிந்தவர் செய்ய வேண்டும். போனே இல்லாதவருக்கு?

அப்பத்தா விஷயத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் நல்ல மனிதர். ஐந்து வாரத்தில் மூவாயிரம் ரூபாயும் கணக்குக்குத் திரும்பி வந்தது. அந்தத் தம்பியை எடுத்துவிட்டார்கள். பித்தளைக் குடமும் வீட்டுக்கு வந்தது. அப்போது மேலாளரிடம் கேட்டேன், "சார், அதே மிஷினில் எங்க ஊர்ல நாற்பது பேர் கை வச்சிருக்காங்க. அத்தனை பேர் கணக்கையும் நீங்களே ஒரு தடவை பார்த்துடலாமே?" "அவங்கவங்க வந்து புகார் கொடுத்தாப் பார்க்கலாம் டீச்சர், விதி அப்படி" என்றார். யார் வருவார்கள்? பாஸ்புக் மிஷினுக்காக மூன்று நாள் அலைய யாருக்குக் காலில் வலு இருக்கிறது? நான் வீடு வீடாகப் போனேன். இன்னும் இரண்டு பேருக்கு அதேபோல நடந்திருந்தது. ஒரு அம்மா பாஸ்புக்கையே தொலைத்திருந்தார். இன்னொருவர் நான் போவதற்கு இருபது நாள் முன்னால் இறந்துபோயிருந்தார். அவர் மகள் சொன்னாள், "கடைசி வரைக்கும் பென்சன் நின்னு போச்சுன்னுதான் அம்மா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு டீச்சர்."

ஒரு வங்கிக்கு நாற்பது கணக்கைப் பார்க்க எத்தனை நேரம் ஆகும் நடுவர் ஐயா? அரை மணி நேரம். பணம் வந்த அன்றைக்கே, ரேகை மூன்று தடவை தோற்று நாலாம் தடவை எடுத்த கணக்குகள் எவை என்று அந்தக் கணினியிடம் கேட்டால் அதுவே சொல்லும். ஒரே செல் நம்பர் எத்தனை கிழவிகளின் கணக்கில் இருக்கிறது என்று கேட்டால், ஒரு நொடியில் சொல்லும். கேட்க வேண்டியவர் யார்? திண்ணையில் இருக்கிறவரா?

மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்லி உட்காருகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்பத்தா உஷாராகிவிட்டார். எதிரணி ஆசைப்படுகிற மாதிரியே! புதிதாக வந்த ஆளிடம், "சீட்டுக் குடு, சீட்டுக் குடுத்தாத்தான் எந்திரிப்பேன்" என்று உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை ரேகை விழவில்லை என்றாலும் சீட்டு வாங்குவார். எங்கள் ஆறாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். அத்தனை சீட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அந்த டப்பாவை என் கையில் கொடுத்து, "தாயி, எல்லாம் இருக்கா, ஒரு தரம் பார்த்துச் சொல்லு" என்றார்.

திறந்து பார்த்தேன். ஒரு வருஷத்துச் சீட்டு. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை. அந்த மிஷினில் போடுகிற காகிதம் அப்படி. மையால் அச்சாவதில்லை, சூட்டால் எழுத்து விழுவது. அடுப்பங்கரை வெக்கையில் எல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. வெள்ளை வெளேரென்று பன்னிரண்டு காகிதம்.

அப்பத்தா என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். அதில் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இதோ. எதிரணித் தம்பியிடம் கொடுக்கிறேன். வாங்கிக்கங்க தம்பி. நீங்கள் பேச வரும்போது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். நான் போய் அப்பத்தாவிடம் சொல்கிறேன். (நீண்ட கைதட்டல்)